ஆலைக்கு முன் தோப்பு

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பது நம் பழமொழி. அது பிறந்த காலத்தில் உலை என்றால் அடுப்பின் மேல் கொதிக்கும் சோற்றுப் பானைதான். இன்று நம் ஜில்லாக்களில் வேறொரு வகை உலை தோன்றியிருக்கிறது. மரத்தை எரித்து, நீராவி எழுப்பி, மின்சாரம் எடுக்கும் யந்திரசாலையின் உலை அது. அதன் வாயை மூடவே கூடாது. இரவும் பகலும் திறந்து வைத்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் ஊட்டத் தவறினால் யந்திரம் நிற்கும். யந்திரம் நின்றால் போட்ட முதலுக்கு வட்டி மட்டும் நிற்காது.

நிலக்கரியினால் உலகம் வெப்பமடைகிறது என்று கண்ட பின், மரம் மறுபடியும் மதிப்புப் பெற்றிருக்கிறது. நிலக்கரி எரிக்கும் மின் நிலையங்கள் அதனுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு தாவர எரிபொருளைச் சேர்க்க வேண்டும் என்றும், பின்னர் அதை ஏழாக உயர்த்த வேண்டும் என்றும் மத்திய சர்க்கார் 2021-ம் வருஷம் முதல் விதிகள் செய்து வந்திருக்கிறது. வயலில் வீணே கொளுத்தும் தாளைப் பயன்படுத்துவதே அவ்விதியின் முதல் நோக்கம். ஆயினும், எரிபொருள் செய்யும் ஆலைகள் தாளோடு நின்றுவிடுவதில்லை. மரத்தூள், மரச் சில்லு, கட்டை, வேர் எல்லாம் அவற்றிற்கு வேண்டும். இவை எங்கிருந்து வரும்? யாருடைய நிலத்திலிருந்து, யாருடைய உழைப்பினால், என்ன விலைக்கு வரும்? ஆலைக்குக் கல் நாட்டும்போது இந்தக் கேள்விகள் உரக்கக் கேட்கப்படுவதில்லை. ஆலையின் ஆயுளை நிர்ணயிப்பவை இவைதாம்.

விறகின் புது வேஷங்கள்

மர எரிபொருள் என்றவுடன் கட்டை விறகு மட்டுமே நினைவுக்கு வர வேண்டியதில்லை. மரத்தை யந்திரத்தில் கொடுத்துச் சில்லுகளாக வெட்டுகிறார்கள். மரத்தூளையும் நிலக்கடலைத் தொலியையும் அழுத்தி, வியாபாரிகள் பிரிக்கெட் என்று சொல்லும் உருளைக் கட்டிகளாக்குகிறார்கள். நன்கு உலர்த்திப் பொடித்த மரத்தைத் துளையிட்ட இரும்பு அச்சின் வழியே பிதுக்கி, சுண்டுவிரலிலும் மெல்லிய பெல்லெட் குச்சிகளாக்குகிறார்கள். இதற்குத் தனியே பசை சேர்க்க வேண்டியதில்லை. மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்கிறது.

இத்தனை வேலையும் எதற்காக? பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே சூட்டின் ஒரு பகுதி கழிந்துவிடும். ஆகவே, ஒரு கிலோ பச்சை மரம் தரும் சூடு, உலர்ந்த மரம் தருவதில் பாதிகூடத் தேறாது. மேலும், பச்சை விறகை லாரியில் ஏற்றுகிறவர் தண்ணீருக்கும் சேர்த்தே வண்டிச் சத்தம் கொடுக்கிறார். பெல்லெட்டாக்கினால் ஈரம் பத்துப் பங்குக்குள் அடங்கும்; சில்லு அடைத்துக்கொள்ளும் இடத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட எடையை ஏற்றலாம். ஆனால் ஒரு டன் பெல்லெட்டுக்கு ஏறக்குறைய இரண்டு டன் பச்சை மரம் போக வேண்டும். சரக்கின் உருவம் எவ்வளவு மாறினாலும், மூலத்தில் நிற்பது மரந்தான்.

ஒரு பள்ளிக்கூடக் கணக்கு

பத்து மெகாவாட் சக்தியுள்ள ஒரு சிறு மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் உள்ள 210 மெகாவாட் யந்திரம் ஒன்றில் இது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மணிக்குப் பதினாயிரம் யூனிட் வீதம், ஒரு நாளில் 2,40,000 யூனிட் மின்சாரம் உண்டாகும். யூனிட்டுக்கு 1.3 கிலோ உலர்ந்த விறகு என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 312 டன் வேண்டும். பன்னிரண்டு டன் ஏற்றும் லாரிகள் இருபத்தாறு, ஒவ்வொரு நாளும் எடைமேடையில் வந்து நிற்க வேண்டும். வருஷத்திற்கு முந்நூறு நாள் ஓடினால் 93,600 டன்.

இதை நிலமாக மாற்றிப் பார்ப்போம். நன்கு பேணிய சவுக்குத் தோப்பு நாலு வருஷத்தில் ஏக்கருக்கு நாற்பது டன் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது வருஷத்திற்குப் பத்து டன். அப்படியானால் 9,360 ஏக்கர் தோப்பு இந்த ஒரே உலைக்கு வேண்டும். பச்சை மரம் உலர்ந்தால் எடை குறையுமாதலால், உண்மையில் பன்னிரண்டாயிரம் ஏக்கருக்குக் குறையாது. ஏறத்தாழப் பத்தொன்பது சதுர மைல்! அதில் நாலில் ஒரு பங்கை ஒவ்வொரு வருஷமும் வெட்டி, வெட்டிய இடத்தில் உடனே கன்று நட வேண்டும்.

ஆலை கட்ட ஒன்றிரண்டு வருஷம் போதும். தோப்பு வளர நாலு வருஷம் வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் எல்லாத் தொல்லையும் முளைக்கிறது. ஆலை முந்திக்கொண்டால், தோப்பு வளரும்வரை உலையின் பசியைத் தீர்க்க வேறு எதையாவது வெட்டியாக வேண்டும். புறம்போக்கு மரம், ஏரிக்கரை மரம், காட்டு மரம், ஏழையின் அடுப்புக்குப் போக வேண்டிய சுள்ளி, எல்லாம் அதற்கு இரையாகும்.

ரயில் கற்பித்த பாடம்

இது நமக்குப் புதிய அனுபவமன்று. 1856-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி விலை மிகுந்திருந்தபடியால், நம் பக்கத்து ரயில்கள் வெகு காலம் விறகையே எரித்தன. தண்டவாளத்தின் அடிக்கட்டைக்கும் மரம், இன்ஜினுக்கும் மரம். பாதை சென்ற வழியெங்கும் காடு குறைந்தது. அதே 1856-ல் சென்னை ராஜதானியின் வனக் காப்பாளராக நியமனம் பெற்ற கிளெகார்ன் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியருக்கு, இந்த மரப் பஞ்சமே பெரிய கவலையாயிற்று.

அக்காலத்துச் சர்க்கார் இரண்டு காரியங்கள் செய்தது. ஒன்று நல்லது, கடற்கரை மணலில் சவுக்கு நடத் தொடங்கியது. வேறு பயிர் எடுக்க முடியாத மணலில் வேர் ஊன்றி, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொண்டு, சில வருஷங்களில் வெட்டுக்கு வரும் மரம் அது. கட்டை கனமானது, நின்று எரியும். பின்னாளில் நிலக்கரி எளிதாகக் கிடைத்ததும் ரயில் விறகை விட்டுவிட்டது. சவுக்கோ குடியானவர் கைக்கு வந்து நிலைத்தது. சென்னைப் பட்டணத்து விறகுத் தொட்டிகளுக்கும், கொத்தனாரின் சாரத்திற்கும், கல்யாணப் பந்தலுக்கும் அது பயன்படலாயிற்று. இன்று கடலூர், விழுப்புரம், செங்கற்பட்டுப் பக்கங்களில் சவுக்கு ஒரு பயிராகவே நடக்கிறது.

மற்றொன்று கசப்பானது. 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தினால் காடுகள் சர்க்காரின் ஒதுக்குக் காடுகளாயின. தலைமுறை தலைமுறையாகச் சுள்ளி பொறுக்கியும் மாடு மேய்த்தும் வந்த குடிகள் சொந்தக் காட்டிலேயே குற்றவாளிகளானார்கள். அந்தக் குறை ஆறாமல் கனன்றுகொண்டிருந்தது. 1921, 22-ம் வருஷங்களில் குண்டூர் ஜில்லா பல்நாட்டில் மேய்ச்சல் வரியை எதிர்த்துக் காட்டுச் சத்தியாக்கிரகம் நடந்ததையும், கன்னெகண்டி ஹனுமந்து துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்ததையும் தேசிய இயக்கத்தின் சரித்திரம் அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெரிய உலைக்கு விறகைப் பத்திரப்படுத்தும்போது சின்ன அடுப்பு அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே ரயில் கற்பித்த பாடம்.

முதலும் வட்டியும்

தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, மகாத்மாவின் கிராமக் கைத்தொழில் பணிக்குத் தம் வாழ்நாளை அர்ப்பணித்த ஜே. சி. குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது நிலையான பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1945-ல் வெளிவந்தது. இயற்கைச் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரியும் பெட்ரோலும் தேக்கி வைத்த செல்வம். எடுக்க எடுக்கக் குறையும். ஆற்று நீரும் வளரும் காடும் ஓடிவரும் செல்வம். ஒவ்வொரு வருஷமும் பெருகும் அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் என்றும் குறையாது.

மர எரிபொருளின் தர்மம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. மரம் எரியும்போது எழும் கரியமில வாயு, அந்த மரம் வளரும்போது காற்றிலிருந்து இழுத்துக்கொண்டதுதான். ஆகையால் சேதமில்லை என்று ஆலைக்காரர் சொல்வார். வெட்டிய இடத்தில் அடுத்த மரம் அதே அளவுக்கு வளர்ந்தால்தான் அந்த வாதம் நிற்கும். எரிப்பது ஒரு நாழிகை. வளர்வதோ பல வருஷம். வட்டியை எடுத்துச் செலவு செய்கிறவனுக்கும் முதலை அழிக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம், தோப்பை எரிப்பதற்கும் காட்டை எரிப்பதற்கும் உண்டு. அடுப்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

கடல் தாண்டி வரும் விறகு

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தது இங்கிலாந்து. அந்நாட்டின் யார்க்‌ஷயர் பிரதேசத்தில் டிராக்ஸ் என்னும் மின் நிலையம் 1974-ல் நிலக்கரியை நம்பி எழுந்தது. 2013 முதல் ஒவ்வொரு யந்திரமாக மரத்துக்கு மாற்றப்பட்டு, 2018-க்குள் ஆறில் நான்கு யந்திரங்கள் பெல்லெட் எரிக்கத் தொடங்கின. வருஷத்திற்குப் பல லட்சம் டன் வேண்டும். அவ்வளவு மரம் அந்தத் தீவில் இல்லை. ஆகவே அமெரிக்காவின் லூயிஸியானா, மிஸிஸிப்பி ராஜ்யங்களில் பெல்லெட் ஆலைகள் கட்டி, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 2021-ல் கனடாவின் பெரிய பெல்லெட் கம்பெனி ஒன்றையும் விலைக்கு வாங்கினார்கள். நிலையத்தின் வாசலில் நான்கு குவிமாடக் கிடங்குகளில் மூன்று லட்சம் டன் வரை சேமிக்கிறார்கள்.

கம்பெனிக்குச் சரக்கு கிடைத்தது. ஆனால் மன நிம்மதி கிடைத்ததா? கனடாவில் எந்த வகை மரம் வெட்டப்பட்டது என்பதற்குப் போதுமான கணக்கு வைக்கவில்லை என்று பிரிட்டிஷ் மின்சார மேற்பார்வை ஸ்தாபனம் கண்டதன் பேரில், 2024 ஆகஸ்டில் இரண்டரைக் கோடி பவுன் செலுத்த நேர்ந்தது. அதே வருஷம் மார்ச்சில், உலகிலேயே பெரிய பெல்லெட் உற்பத்திக் கம்பெனியாக விளங்கிய அமெரிக்காவின் என்விவா, கடன் தீர்க்க முடியாமல் கோர்ட்டின் பாதுகாப்பை நாடியது. பல வருஷத்திற்கு விலை பேசிக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் அதனிடம் நிறைய இருந்தன. உற்பத்திச் செலவு அந்த விலையை மிஞ்சிற்று. பிரிட்டிஷ் சர்க்காரும் 2027-க்குப் பின் டிராக்ஸுக்குத் தரும் உதவியைக் குறைப்பதாகவும், எரிக்கும் மரம் முழுவதும் நியாயமான முறையில் வந்ததாக இருக்க வேண்டும் என்றும் 2025-ல் அறிவித்தது. ஒப்பந்தக் காகிதத்தினால் மட்டும் மரம் வந்துவிடாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

முள்ளிலே ஒரு பாடம்

நம் நாட்டுக்குத் திரும்புவோம். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி ஜில்லாக்களில் பிரயாணம் செய்கிறவர்களுக்குச் சீமைக்கருவேலத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சுதந்திரத்திற்குப் பின் வந்த மரம் என்று பலர் நினைக்கிறார்கள். விறகுப் பஞ்சம் தீர்க்கவென்று 1877-ம் வருஷத்தை ஒட்டியே இதன் விதை சென்னை ராஜதானிக்குத் தருவிக்கப்பட்டது. ஆடு மாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதைத்தன. வெட்டினால் வெட்டிய இடத்தில் நாலாகத் துளிர்த்தது. கண்மாயையும் ஊருணியையும் மூடிற்று. இதை அகற்றும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டதும், அந்நிய மரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் ஒரு கொள்கை வெளியிட்டதும் நேயர்கள் அறிந்தவை.

ஆனால் அந்த முள்ளே வானம் பார்த்த பூமியின் சம்சாரிக்கு ஒரு வருமானம். மழை பொய்த்த வருஷத்தில் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்தில் கரிமூட்டம் புகைந்தால்தான் அடுப்பு புகையும். கட்டையை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, பல நாள் கனல விட்டு எடுக்கும் கரி வெளியூர்களுக்குப் போகிறது. இரண்டாயிரத்துக்குப் பின் இதே மரத்தை நம்பி இப்பக்கங்களில் மின் நிலையங்கள் எழுந்தன. இலவசமாகக் கிடக்கிற மரம், எடுப்பவர் இல்லை என்று முதலாளிகள் எண்ணினார்கள். நாலு பேர் கேட்கத் தொடங்கியதும் இலவச மரத்திற்கு விலை வந்தது. கரிமூட்டக்காரர், செங்கற்சூளைக்காரர், மின் நிலையத்தார் எல்லாரும் ஒரே மரத்திற்குப் போட்டியிட்டார்கள். விறகு விலை ஏறிற்று. மின்சாரம் விற்கும் விலை அவ்வேகத்தில் ஏறவில்லை. சில நிலையங்கள் அவ்வப்போது நின்றன. சில மூடியே போயின. மண் ஒட்டிய வேரோடு மரத்தைப் பிடுங்கிக் கொண்டுவந்து போட்டதனால் உலைக்குள் கிட்டம் கட்டிய தொல்லையும் உண்டு.

கழிவை நம்பினால் மட்டும் தப்பலாமா? மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்தின் அனுபவம் இதற்கு விடை சொல்லும். குடிதண்ணீர் இறைக்கும் மின்சாரச் செலவைக் குறைக்க, மரக்கழிவை எரிவாயுவாக்கும் ஒன்பது கிலோவாட் யந்திரம் ஒன்றை அவர்கள் நிறுவினார்கள். முதலில் லாபமாகவே இருந்தது. பிறகு மரக்கழிவின் விலை ஏறவே, கணக்குக் கட்டவில்லை. அந்தப் பஞ்சாயத்தார் சோர்ந்துவிடாமல் 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கிக்கொண்டார்கள் என்பது அவர்கள் சாமர்த்தியம். கழிவு என்பது யாரும் கேளாதவரை கழிவு. கேட்ட மறு நாளே அது சரக்கு.

ஒரு தோப்புக்குப் பல வாய்

சவுக்குத் தோப்பை நம்புவதிலும் போட்டி உண்டு. காகித ஆலைகளுக்கும் அதே மரந்தான் வேண்டும். ஆனால் இந்த விஷயத்தில் காகித ஆலைகளிடமிருந்து எரிபொருள் ஆலைகள் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி. கரூர் ஜில்லா காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, கரும்புச் சக்கையை முக்கியமாகக் கொண்டு தொடங்கியது. மரமும் வேண்டியிருந்தபடியால், 2004 முதல் குடியானவர்களோடு சேர்ந்து தோப்பு வளர்க்கும் திட்டத்தைக் கைக்கொண்டது. நல்ல இனக் கன்றுகளைக் கொடுப்பது, விளைந்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக முன்னரே ஒப்புக்கொள்வது என்னும் முறை அது. மேட்டுப்பாளையத்து வனவியல் கல்லூரி கன்றின் தரத்திலும் ஒப்பந்த முறையிலும் வழிகாட்டிற்று. குடியானவனை விற்பவனாக மட்டும் எண்ணாமல் கூட்டாளியாக எண்ணியதே இதன் சாரம்.

குடியானவன் பக்கத்து அச்சங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கமான சவுக்கை வெட்டினால் மறுபடி துளிர்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் கன்று, உழவு, தண்ணீர் எல்லாம் புதிதாகச் செலவு. நாலு வருஷம் பணம் மண்ணில் கிடக்கும். வெட்டுக்கு வரும் சமயத்தில் ஆலை மூடிக் கிடந்தால் யாரிடம் விற்பது? புயல் வந்தால் என் செய்வது? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர்ப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சவுக்கையும் சாய்த்துவிட்டது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரணியம் கரையில் அதே நாசத்தைச் செய்தது. விழுந்த மரமெல்லாம் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தால் விலை சரியும். அடுத்த நாலு வருஷத்திற்கு மரமே இராது. இரண்டு நஷ்டமும் குடியானவன் தலையில் விடிந்தால், அவன் இரண்டாம் முறை கன்று நட மாட்டான்.

வெட்டும் கை

விறகைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெட்டுகிறவனைப் பற்றிப் பேசுவது அபூர்வம். முள் மரத்தை வெட்டுவது யந்திரத்தால் எளிதில் ஆகும் காரியமன்று. அரிவாளும் கோடரியுமாக மனிதரே உள்ளே புக வேண்டும். 2019-ல் காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கங்களில் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமைகளாகக் கிடந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டார்கள். சொற்ப முன்பணத்திற்காகக் குழந்தை குட்டிகளோடு கட்டுண்டு கிடந்தவர்கள் அவர்கள். கொத்தடிமையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. இருந்தும் இக்கொடுமை நடந்ததென்றால், விறகின் விலையைக் குறைக்க எளிய வழி வெட்டுகிறவன் கூலியைக் குறைப்பதே என்று சிலர் கண்டுகொண்டதுதான் காரணம். ஆலை தரகரிடம் விலை பேசுகிறது. தரகர் மேஸ்திரியிடம் பேசுகிறார். மேஸ்திரி முன்பணத்தை வீசுகிறார். எடைமேடையில் நிற்கும் லாரியைப் பார்த்து இதையெல்லாம் அறிய முடியாது. புகையில்லாத மின்சாரம் என்று பெருமை பேசுகிற தேசம், கண்ணீர் இல்லாத விறகுக்கும் வழி தேட வேண்டாமா?

செய்ய வேண்டியவை

முதலாவது, ஆலைக்கு அனுமதி கொடுக்குமுன் விறகுக்கு ஜாதகம் பார்க்க வேண்டும். முப்பது மைல் சுற்றளவில் எவ்வளவு மரம் இருக்கிறது, ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு வளர்கிறது, இப்போதே அதை யார் யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று தாலுகாவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். மிச்சம் எவ்வளவோ, உலையின் அளவும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஒரே வட்டாரத்தில் ஒரே மிச்சத்தைக் காட்டி இரண்டு ஆலைகளுக்கு அனுமதி கொடுக்கலாகாது.

இரண்டாவது, எடுப்பதில் ஒரு வரிசை வேண்டும். பருத்திமார், துவரைமார், நிலக்கடலைத் தொலி, முந்திரி ஓடு, மர அறுவை ஆலையின் தூள் ஆகியவை முதலில். கண்மாயிலும் வயலிலும் அகற்ற வேண்டிய சீமைக்கருவேலம் அடுத்தது. ஆனால் அது தீரும் சரக்கு, தீர வேண்டிய சரக்கு. அதை நம்பி இருபது வருஷத்து ஆலை கட்டுவது, பனியை நம்பிக் கிணற்றைத் தூர்ப்பது போலாகும். மூன்றாவதாக, இதற்கென்றே நட்ட தோப்பு. இயற்கைக் காட்டு மரம் இந்த வரிசையிலேயே சேரக் கூடாது.

மூன்றாவது, கன்று நட்ட அன்றே குடியானவனுக்கு ஒரு குறைந்தபட்ச விலை உறுதியாக வேண்டும். சந்தை ஏறினால் அந்த ஏற்றத்தில் பங்கு வேண்டும். புயலுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும். நாலு வருஷமும் காத்திருக்க பாங்குக் கடன் வேண்டும். வீட்டு வரப்பிலும் தரிசிலும் மரம் வளர்ப்பதை ஊக்குவிக்கவும், வெட்டவும் கொண்டுசெல்லவும் உள்ள தடைகளைத் தளர்த்தவும் 2014-ல் நம் நாடு ஒரு வேளாண் காட்டுக் கொள்கை வகுத்தது. அது தாலுகா ஆபீஸ் வரையில் இறங்கி வர வேண்டும்.

நான்காவது, பிர்க்காதோறும் விறகு உலர்த்தும் களமும் கொட்டகையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோப்புக்குள் லாரி போகாது. மூன்று மாத இருப்பு என்றால் நம் பத்து மெகாவாட் நிலையத்திற்கு இருபத்தெண்ணாயிரம் டன். அதைக் கிராமத்திலேயே உலர்த்தி விற்றால், உலர்ந்த விறகின் கூடுதல் விலை கிராமத்திலேயே தங்கும். எடை மட்டும் பார்த்து வாங்காமல் ஈரமும் பார்த்து விலை கொடுத்தால், தண்ணீரை விற்கும் ஆசையும் ஒழியும்.

ஐந்தாவது, வெட்டுகிறவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, எடைக்கு ஏற்ற கூலியை நேராகப் பெற வேண்டும். முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் சரக்கை எந்த ஆலையும் எடைமேடையில் ஏற்றக் கூடாது. இதோடு கிராமத்தின் அடுப்புக்கும் ஒரு பங்கு உண்டு. காஸ் சிலிண்டர் வந்த வீட்டிலும் விறகு அடுப்பு முற்றிலும் அணைந்துவிடவில்லை. பொதுநிலத்தில் வெட்டும் மரத்தின் சுள்ளியும் மிளாரும் ஊராருக்கு என்று பஞ்சாயத்து எழுதி வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் விறகு விலை கூடிவிடாதா என்று கேட்கலாம். ஓரளவு கூடத்தான் செய்யும். ஆனால் மலிவு விறகை நம்பிக் கட்டி இன்று துருப்பிடித்து நிற்கும் உலைகளுக்குப் போட்ட பணத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நியாயமான விலைக்கு வரும் விறகு அடுத்த வருஷமும் வரும். பிடுங்கி வாங்கும் விறகு ஒரு தடவைதான் வரும்.

நம் குடியானவனுக்கு மரம் வளர்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நட்டால் நஷ்டமில்லை என்ற நம்பிக்கை ஒன்றே அவனுக்கு வேண்டியது. அந்த நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு, கன்று ஆள் உயரம் வளர்ந்த பிறகு ஆலைக்குக் கல் நாட்டினால் போதும். உலை காத்திருக்கலாம், மரம் வளர்வதை அவசரப்படுத்த முடியாது.